மடுக் காட்டிலிருந்து ஏழு தபாலட்டைகள்

யப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டான் என்ற செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முற்றலா பிஞ்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையில் இருந்ததைக் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். சிங்கப்பூருக்கும் நமக்கும் இடையில் ஒரு பெரிய கடல் கிடக்கிறது என்பதை நான் அறியாதவனல்ல. பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரத்தில் கெட்டிக்காரன். ஆனால் பயம் வந்தால் கடல் சுருங்கிவிடுகிறது. அன்று பின்னேரம் என் கணக்கில் அது வெள்ளவத்தைக் கால்வாய் அளவுக்கு வந்து நின்றது.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கோட்டையில் ஒரு கவர்மென்ட் கந்தோரில் கிளாக்கர் வேலை. கலியாணமாகிப் பதினொரு வருடம் கழித்து என் மனைவிக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இதற்கு முன் இரண்டு முறை வந்ததும் தங்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த பறங்கி அம்மா, என் மனைவிக்கு 'மிஸ்ஸி', கைராசிக்குப் பேர்போன மருத்துவிச்சி. அவர் மனைவியின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார்: குலுக்கம் ஆகாது. ரிக்‌ஷா ஆகாது, பஸ் ஆகாது, ரயிலை நினைக்கவும் ஆகாது. பிள்ளை இந்த வீட்டில், இந்தக் கட்டிலில், தன் கையில்தான் பிறக்கவேண்டும். என் மனைவி அந்தச் சட்டத்தை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டாள். கோயிலுக்குக்கூட நடந்துதான் போனாள், அதுவும் மெல்ல.

நான்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்குப் பிள்ளை பத்திரமாக இருக்கவேண்டும். அதற்கு ஒரே வழி கொழும்பை விட்டு ஓடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம் கிளம்பிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்கு. எங்களுக்கும் அங்கே வீடு இருந்தது. ஆனால் காங்கேசன்துறையில் துறைமுகம் இருந்தது. துறைமுகம் இருந்தால் குண்டு விழும். போதாததற்கு அந்த வீட்டில் என் மாமனார் இருந்தார். இரண்டு ஆபத்தையும் சீர்தூக்கிப் பார்த்தபின் காடே மேல் என்று பட்டது. யப்பான்காரன் கப்பலுக்குக் குண்டு போடுவான், பாலத்துக்குப் போடுவான். வேலை மெனக்கெட்டு ஒரு பாலை மரத்துக்கு ஏன் போடப்போகிறான்? நடுக்காட்டில் ஒரு கொட்டில். கிழங்கு, தேன், குளத்துத் தண்ணீர். சண்டை முடியும்வரை அங்கே இருந்து, பிள்ளையையும் அங்கேயே பெற்று வளர்ப்பது. இதுதான் திட்டம். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. அப்போது வரைபடம் கீறி, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தேன்.

பயிற்சி எடுக்கத் தொடங்கினேன். உள்ளங்கால் தடிக்கவேண்டும் என்று வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் நடந்தேன். மூன்றாம் நாள் சிப்பி வெட்டியது. ஒரு கிழமை மரவள்ளிக்கிழங்கு மட்டும் தின்று பார்த்தேன். கந்தோரில் எனக்கு முன்னால் இருந்தவர் மேசையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். இரண்டு தடியை உரசி நெருப்பு மூட்ட முனைந்தேன். பின்வளவில் அரை மணித்தியாலம் உரசியதில் எனக்குத்தான் வேர்த்தது. மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு வந்து ஒரு நெருப்புப்பெட்டியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெட்டிதான் என்னைச் சுட்டது.

அவளை வரச்செய்ய நான் கதைத்த கதைகளை எழுதினால் கடதாசி காணாது. கடைசியில் ஒரு நாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"இஞ்சருங்கோ, முதல்லை நீங்கள் போய் ஏழு நாள் இருந்து காட்டுங்கோ. இருந்திட்டியள் எண்டால், நான் மிஸ்ஸியிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்."

"நான் இருக்கமாட்டன் எண்டு நினைக்கிறீரோ?"

"நான் ஒண்டும் நினைக்கேல்லை. உள்ளங்கால் ஆறினாப் பிறகு போங்கோ."

அந்தக் கடைசிச் சொல்லில் என் மானம் கப்பலேறியது. துறைமுகத்தில் வேறு கப்பல்களுக்கே இடமில்லாத நேரம்.

கந்தோரில் எனக்கு முன்னால் இருந்தவர் என்று சொன்னேனே, அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். வீடு துறைமுகத்துக்குக் கிட்ட என்பதால் பெண்சாதி பிள்ளைகளை முன்னமே சிலாபத்துக்கு அனுப்பிவிட்டு, கடைச்சோறு தின்று மெலிந்துகொண்டிருந்தார். பெரிய வெள்ளிக்கு மடுக் கோயிலுக்குப் போவது அவருக்கு வருடாவருடம் உள்ள நேர்த்தி. மடுறோட் ஸ்டேசனிலிருந்து நாலு கட்டை தூரத்தில், அதாவது நாலு மைலில், காட்டுக்குள், மரம் தறிக்கிற அவருடைய மாமன் ஒருவர் போட்ட வாடி ஒன்று வெறுமையாகக் கிடந்தது. மண் சுவர், கிடுகுக் கூரை, கதவில்லை. "ஐசே, உமக்குக் காடு வேணும், எனக்கு மாதா வேணும், ஒரே ரயில்தானே" என்றார். ஈஸ்டர் விடுமுறையோடு சேர்த்துக் கொஞ்ச நாள் லீவு எழுதிக் கொடுத்தோம். காரணம் என்ற இடத்தில் அவர் 'யாத்திரை' என்று எழுதினார். நானும் அதையே பார்த்து எழுதினேன். சண்டை வருமுன் ஓடிப் பழகுவதற்கு என்று எழுதினால் துரை கையெழுத்து வைப்பாரா?

இங்கே எங்கள் கந்தோரின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். துரை வெளியூருக்குப் பரிசோதனை போகிறார் என்றால், அவர் போவதற்கு முன்பே அறிக்கையை நாங்கள் எழுதி, ரைப் அடித்து, பைலில் போட்டுவிடுவோம். பாலம் நல்ல நிலையில் உள்ளது, மக்கள் திருப்தியாக உள்ளனர். துரை போய் வந்து கையெழுத்து மட்டும் வைப்பார். பாலம் இல்லாத ஊருக்கும் ஒருமுறை அப்படி அறிக்கை போனது. ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. இருபது வருடம் இந்த வேலை செய்தவன், தன் சொந்தக் காட்டுக்கு மட்டும் வேறு விதமாக அறிக்கை எழுதுவானா? புதன்கிழமை காலை ரயிலில் ஏறியதும் மடியில் பெட்டியை வைத்து, ஏழு நாளுக்கும் ஏழு தபாலட்டைகள் எழுதி முடித்தேன். பொல்காவலைக்கு முன்பே ஆறாம் நாள் வரைக்கும் சுகமாக இருந்துவிட்டேன். மாகோ சந்தியில் ஏழாம் நாள் தேனடை எடுத்தேன். வண்டிப் பாதை பற்றித்தான் விசேடமாக எழுதினேன், மனைவிக்குக் குலுக்கப் பயம் உண்டல்லவா? காலி வீதியிலும் பார்க்க வழவழப்பு என்று ஐந்தாம் அட்டையில் போட்டேன். அந்தப் பாதையை நான் அதுவரை கண்டதேயில்லை.

மடுறோட் ஸ்டேசன் மாஸ்டரிடம் அட்டைகளைக் கொடுத்து, நாளுக்கு ஒன்றாகத் தபாலில் சேர்த்துவிடும்படி கேட்டேன். காட்டுக்குள் தபால்பெட்டி இராது என்று காரணமும் சொன்னேன். அவர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். அவரும் கவர்மென்ட் உத்தியோகத்தர்தான்.

பிறகு மாட்டுவண்டி. காலி வீதி என்றா எழுதினேன்? நாலு கட்டையும் வேர்களுக்கு மேலால். ஒரு பள்ளத்தில் விழுந்தபோது என் பல் நாக்கைக் கடித்தது. அடுத்ததில் என் குடை முறிந்தது. வண்டிக்காரன் வன்னி ஆள். என் தகரப்பெட்டி, நுளம்புவலை, ஸ்பிரிட் அடுப்பு, கறுத்தக் கோட்டு எல்லாவற்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தவன், வாடி வாசலில் இறக்கியபின் மெல்லக் கேட்டான்:

"ஐயா, கோவிக்கக்கூடாது. கொழும்பிலை ஆரையும் வெட்டிப்போட்டோ வந்தனீங்கள்?"

காட்டு வாழ்க்கை தொடங்கியது. முதல் நாள் காலையில் குரங்குகள் வந்து பாண் ரொட்டியை எடுத்துக்கொண்டு போயின. ஒரு குரங்கு மரத்தில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. நண்பருக்குத் தபசு காலம். ஒருவேளை உணவுதான், அதையும் சந்தோசமாகக் குறைத்துக்கொண்டார். எனக்கு எந்தச் சந்நிதியிலும் அப்படி ஒரு வேண்டுதல் இல்லை. குளத்துத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. கொதிக்கவைத்து வடித்தபின்னும் அதே நிறம். ஆகவே தேயிலை போடத் தேவையில்லை என்ற ஒரு வசதி இருந்தது.

மடு மண்ணைத் தூவினால் பாம்பு அண்டாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. நண்பர் ஒரு சீலைப் பொட்டலத்தில் கொண்டுவந்த மண்ணை வாடியைச் சுற்றித் தூவினார். நான் சைவக்காரன், விபூதி பூசிய நெற்றியோடு நின்று, "உதென்ன ஐசே, பாம்பு படிச்சதோ, கோட்டைத் தாண்டாமல் விட?" என்று நக்கலடித்தேன். அன்று பின்னேரம் கூரைக் கிடுகிலிருந்து ஒரு சாரை இறங்கி, தன் பாட்டில் வெளியே போனது. அது போன பிறகு நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பொட்டலத்தில் இன்னும் மண் இருக்கிறதா? இருந்ததை என் பாயைச் சுற்றி, இடைவெளி விடாமல், நானே போட்டேன். திருநீறும் ஒரு சுற்று போட்டேன். எந்தப் பக்கத்தையும் பகைக்கக் கூடாதல்லவா?

உண்ணிகளுக்கு இரண்டு மதமும் தெரியவில்லை. கடுகளவில் வந்து, கொத்தமல்லி அளவில் என்னை விட்டுப் பிரிந்தன. எந்தெந்த இடங்களில் என்று எழுதமாட்டேன். பெரிய வெள்ளிக் காலை நண்பர் கோயிலுக்கு நடந்து போனார். ஞாயிறு பூசை முடியும்வரை அங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தனித்தேன். வெள்ளியும் சனியும் நான் செய்த வேலை உண்ணி பிடுங்கியதும், யானை வருகிறதா என்று காது கொடுத்ததும்தான். ஒவ்வொரு முறையும் காற்றுத்தான் வந்தது. சனிக்கிழமை பின்னேரம் என்னை நானே ஒரு கேள்வி கேட்டேன். இந்தப் பாயில், இந்தத் தண்ணீரில், ஒரு பெண் பிள்ளை பெறுவதா? பதில் உடனே வந்தது. ஆனால் பதிலை விட மானம் பெரிதாக இருந்தது. ஏழு நாள் என்றல்லவா சொல்லி வந்தேன்.

ஞாயிறு விடிந்ததும் மானம் தோற்றது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு கட்டையும் நடந்து ஸ்டேசனுக்கு வந்தேன். மனைவிக்கு என்ன பொய் சொல்லலாம் என்று வழி முழுக்க யோசித்தேன். மலேரியா என்பதா, துரை தந்தி அடித்தார் என்பதா? மலேரியாவுக்கு நடுங்கிக் காட்டவேண்டும். அது எனக்குப் பழக்கமான வேலைதான் என்று தீர்மானித்துக்கொண்டு மேடையில் ஏறினேன்.

ஸ்டேசன் மாஸ்டர் கம்பியில் வந்த செய்தியைச் சொன்னார். காலையில் கொழும்பில் யப்பான் விமானங்கள் குண்டு போட்டுவிட்டன. துறைமுகத்தில், இரத்மலானைப் பக்கத்தில், வேறு எங்கெங்கோ. எத்தனை பேர் என்று தெரியாது. இரத்மலானைக்கும் துறைமுகத்துக்கும் நடுவில்தான் வெள்ளவத்தை.

எந்தச் சண்டைக்குப் பயந்து ஓடினேனோ அந்தச் சண்டை, நான் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், என் மனைவி இருந்த வீட்டுக்கு மேலால் பறந்து போயிருந்தது. நான் பத்திரமாக இருந்தேன். திட்டம் அந்த அளவுக்கு வெற்றி.

பிறகு கந்தோரில் எல்லாரும், குண்டு விழுந்தது கேட்டதும் பெண்சாதிக்காக ஓடிவந்தவன் என்று என்னைப் புகழ்ந்தார்கள். நான் மறுக்கவில்லை. இன்று மறுக்கிறேன். செய்தி கேட்பதற்கு முன்பே நான் ஓடிவந்துவிட்டேன், ஓடவைத்தது உண்ணி. ஆனால் ரயில் ஏறியபின் வந்த பயம் வேறு. அதுவரை நான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் பயமே அல்ல என்று மாகோவில் தெரிந்தது. எதிரே வந்த ரயில்களில் சனம் கூரையிலும் இருந்தது. கொழும்புக்குப் போகிற எங்கள் பெட்டியில் நானும் ஒரு பொலிஸ்காரரும்தான். அவருக்கு அது கடமை. நீர் ஏன் போகிறீர் என்று கேட்டார். 

திங்கள் காலை வீடு இருந்தது. குசினி மூலையில் நாலு ஓடு உடைந்திருந்தது, அவ்வளவுதான். மனைவி நிலத்தில் பாயில் இருந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெட்டி கட்டி முடித்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தது.

"நல்லதாப் போச்சு, வந்திட்டியள்" என்றாள். "நாளையிண்டைக்கு, புதன்கிழமை காலமை, ரயிலுக்குப் போவம்."

எங்கே என்று கேட்டேன். காட்டுக்கு என்றாள்.

அவள் சொல்லித்தான் ஞாயிறு நடந்தது தெரிந்தது. குசினியில் நிற்கும்போது இரைச்சல் கேட்டிருக்கிறது. பறங்கி அம்மா வேலி தாண்டி ஓடிவந்து, அவளைச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருத்தித் தானும் பக்கத்தில் குந்தியிருக்கிறார். வீடு ஆடியிருக்கிறது. அது பெரிதில்லை என்றாள். அதன் பிறகு பின்னேரம் நாலு மணிவரை பிள்ளை அசையவில்லை. பறங்கி அம்மா காதை வயிற்றில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாலு மணிக்குத்தான் ஒரு உதை. "இன்னொருக்கா அப்பிடி இருக்க என்னாலை ஏலாது" என்றாள். இரண்டு மாதமாக என்னைப் பார்த்துச் சிரித்தவளின் முகத்தில் சிரிப்பே இல்லை.

எனக்கு வெற்றி. காடுதான் சரி என்று அவளே சொல்லிவிட்டாள். என் வாழ்க்கையில் அவள் என் யோசனை ஒன்றை முழுதாக ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தரம். அதுவரை மூன்று அட்டைகள் வந்திருந்தன. அவற்றைத் தலைமாட்டில் அடுக்கி வைத்திருந்தாள். ஊற்றுத் தண்ணீர், குளிர்ந்த காற்று, பாம்பு பூச்சி இல்லாத சுத்தமான இடம். பறங்கி அம்மாவிடமும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழும் இங்கிலிசும் கலந்து, எட்டாம் மாதம், ரயிலையாவது படுக்கவைத்துச் சமாளிக்கலாம், அதற்குப் பிறகு உள்ள பாதை எப்படி என்று என்னைக் கேட்டார்.

வாயைத் திறந்தால் போதும். நாக்கில் கடித்த காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் மனைவி என்னை ஒரு மனிதனாக மதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருடத்தில் காணாத பார்வை அது.

"அவ்வளவு மோசமில்லை" என்றேன்.

எத்தனையோ பொய் சொன்னவன் நான். அந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்று முழுக்க அவள் பெட்டி கட்டினாள், நான் கயிறு எடுத்துக் கொடுத்தேன். பகல் கதைக்கலாம், பின்னேரம் கதைக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ரயில் இல்லாமல் போகட்டும் என்று பிள்ளையாரைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை முற்பகல் தபால்காரன் வந்தான். ஊரில் பாதி ஓடிவிட்டது, அவன் மட்டும் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வந்தான். ஸ்டேசனில் மிச்ச அட்டைகளைத் திருப்பி வாங்கவேண்டும் என்ற நினைப்பே வராமல் நான் ரயில் ஏறியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான் சாய்மனைக் கதிரையில் இருந்தேன். நாலாவதும் ஐந்தாவதும் ஒன்றாக வந்திருந்தன. அவள் வாசலில் நின்று, ஐந்தாவதை எனக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"'ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. இன்று விடிய ஊற்றில் குளித்தேன். மான் ஒன்று கரையில் நின்று பார்த்தது. வண்டிப் பாதை காலி வீதியிலும் பார்க்க வழவழப்பு. உமக்கு ஒரு குலுக்கமும் தெரியாது.'"

அட்டையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தாள். பிறகு என்னை.

"நேற்று விடிய நீங்கள் உந்தக் கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள்."

"ஓம்."

"அப்ப மான் ஆரைப் பார்த்தது?"

நான் சொல்லத் தொடங்கினேன். ரயிலில் எழுதியதிலிருந்து, குரங்கு, சாரை, குளத்துத் தண்ணீர், உண்ணி எல்லாம். குண்டுச் செய்திக்கு முன்பே கிளம்பிவிட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் திறந்த வாய் மூடவில்லை. கடைசியில் பாதையைச் சொன்னேன். அந்த வண்டியில் நாலு கட்டை போனால் பிள்ளை தங்காது, என் நாக்கைப் பாரும் என்று நாக்கை நீட்டிக் காட்டினேன். நாற்பத்திரண்டு வயது கவர்மென்ட் உத்தியோகத்தன், வெள்ளவத்தையில், பட்டப்பகலில்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நம்பித்தானே கட்டினனான்" என்றாள்.

 உள்ளே போய்ப் பெட்டிகளை அவிழ்க்கத் தொடங்கினாள். நான் உதவப் போனேன். தொடவேண்டாம் என்று கையால் காட்டினாள். ஆறாம் அட்டையும் ஏழாம் அட்டையும் அடுத்தடுத்த நாள்களில் வந்தன. வாசிக்காமல் அடுப்பில் வைத்தாள். நல்ல காலம், தேனடை பற்றி எழுதியது அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

பறங்கி அம்மாவின் சொந்தக்காரர்கள் கண்டிக்கு வரச்சொல்லிக் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள். ஒழுங்கையில் இன்னும் ஆறு வயிறு இருக்கிறது, அவை கண்டிக்கு நடந்து வருமா என்று கேட்டு அவர் போகவில்லை. பின்வளவில் எல்லாருக்குமாக ஒரு பதுங்குகுழி வெட்டினோம். வெட்டியதில் என் பங்கு கணிசம். அந்த விடயத்தில் எனக்கு ஊக்கம் இயற்கையாகவே இருந்தது. மனைவி என்னோடு சாப்பாடு, தண்ணீர் அளவில் மட்டும் கதைத்தாள். நான் கந்தோருக்குப் போய்வந்தேன். துரையின் அடுத்த பரிசோதனைக்கு அறிக்கை எழுதும் முறை என்னிடம் வந்தபோது, அவர் போய் வரட்டும் என்று வைத்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

மாதம் தப்பாமல், ஒரு பின்னேரம் மூன்று மணிக்கு, நோவு கண்டது. பறங்கி அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஒரு மணித்தியாலம் கழித்து விமான அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது. ஒழுங்கை முழுக்கக் கதவுகள் அடிபட்டன, சனம் ஓடியது. நான் ஓடாமல் அந்தக் கதவடியிலேயே நின்றேன் என்று அயலார் இன்றும் சொல்கிறார்கள். உண்மைதான். எங்கள் வீட்டில் குசினிக்கும் பின்வளவுக்கும் போகும் வழி அந்த அறைக்குள்ளால் மட்டும்தான். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பது பறங்கி அம்மாவின் கட்டளை. கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து மனைவியின் குரல் வந்தது. "அங்கை நிக்கிறியளோ?" நிற்கிறேன் என்றேன். "போகாதையுங்கோ" என்றாள். அட்டைக்குப் பிறகு சாப்பாடு தண்ணீர் அல்லாமல் அவள் என்னோடு கதைத்த முதல் கதை அது.

விமானம் ஒன்றும் வரவில்லை. சங்கு ஓய்ந்து கொஞ்சத்தில் உள்ளே அழுகை கேட்டது. பறங்கி அம்மா கதவைத் திறந்து, பெண் பிள்ளை, ஐந்தரை இறாத்தல், தாய்க்கும் சுகம், இனி நீர் குழிக்குப் போகலாம் என்றார்.